கடல் தாண்டாத 'எம்'

அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருப்பவருக்கு முகம் துடைத்துவிடுவது யார்? கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றிவிடுவது, பெட்பான் வைப்பது யார்? மனைவி, மகள், அக்கா, சித்தி. யாரும் இல்லாதவருக்குக் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு ஆயாம்மா. தனியார் மருத்துவமனைகள் இவர்களுக்கு 'அட்டெண்டர்' என்று பெயரிட்டுப் பாஸும் கொடுத்துவிட்டன. சிஸ்டர் கட்டிலருகே வருவது ஊசிக்கு, டிரிப்ஸுக்கு, பி.பி. பார்க்க, டிரெஸ்ஸிங் செய்ய, கேஸ் ஷீட் எழுத. நாற்பது ஐம்பது பேர் படுத்திருக்கும் வார்டில் நைட் டியூட்டிக்கு ஓரிருவர்தான் என்றால் வேறு எதற்கும் நேரம் இராது. அந்த நெருக்கடியே அவரை ஒரு வேலையில் வல்லவராக்கிவிடுகிறது. நரம்பே தென்படாத கிழவியின் கையிலும் ஒரே குத்தில் வென்ஃபிளான் ஏற்றிவிடுவார்.

அதே செவிலியர் ஜெர்மனியில் காலை ஷிப்டுக்குப் போகிறார். முதல் வேலை ஒரு பேசினில் வெந்நீர். வயதானவரை எழுப்பி உட்காரவைத்து, முதுகு துடைத்து, பல்செட்டைக் கழுவி மாட்டி, கழிப்பறைக்கு அழைத்துப் போய்வந்து, காலை உணவை அருகே வைக்க வேண்டும். உறவினர்கள் பார்வை நேரத்தில் பூங்கொத்தோடு வந்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவர்கள் பங்கு. வென்ஃபிளான் போடுவதோ அங்கே பல மருத்துவமனைகளில் டாக்டரின் வேலை. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழும்: இதற்கா இவ்வளவு படித்தோம்? அவரோடு நிற்கும் ஜெர்மன் செவிலியருக்கும் ஒரு கேள்வி இருக்கும்: நோயாளியைக் குளிப்பாட்டவே பழகாதவர் என்ன செவிலியர்? அவருடைய பாடத்திட்டத்தில் அது தலையாய பாடம். ஒருவரின் உடலைத் துடைக்கும்போதுதான் தோலின் நிறமாற்றமும் படுக்கைப்புண்ணின் தொடக்கமும் மூச்சின் சிரமமும் மனத்தின் சோர்வும் தெரியவரும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. செவிலியரின் தகுதியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவது பற்றிப் பேசும்போது சான்றிதழ், முத்திரை, தேர்வு, கட்டணம் என்றே பேசுகிறோம். அவற்றுக்கு அடியில் கிடப்பது வேறொரு விஷயம். நோயாளியின் உடலை யார் தொடுவது, எதற்காகத் தொடுவது என்று ஒவ்வொரு சமூகமும் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. தொழிலின் பெயர் எங்கும் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். மொத்தக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

*

செவிலியர் பதிவேடு என்பதே அவ்வளவு பழைய சங்கதி அல்ல. தேசம் முழுவதற்கும் செவிலியருக்கெனத் தனிச்சட்டம் இயற்றிப் பதிவு செய்த முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. பிரிட்டனில் அதற்காக முப்பது ஆண்டுக்கால வழக்காடல் நடந்தது. எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற மேட்ரன் பதிவேடு வேண்டும் என்று போராடினார். எதிரணியில் இருந்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். தேர்வு எழுதவைத்து ஏட்டில் பெயர் போட்டுவிட்டால் ஒருத்தி நல்ல செவிலியாகிவிட மாட்டாள், குணமும் பயிற்சியும் தேர்வுத்தாளில் தெரியாது என்பது அவர் கட்சி. நைட்டிங்கேல் 1910இல் இறந்தார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் சட்டம் வந்தது. 1921இல் திறந்த பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக்கினுடையது.

சென்னை மாகாணத்திலும் 1926இல் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்துக்கு வேர் அதுவே. ஊழியர் வாயில் அதற்கு 'கவுன்சில்' என்றுதான் பெயர். ஒவ்வொரு மாகாணமும் தன் போக்கில் பயிற்சி தந்துகொண்டிருந்ததை ஒரு தரத்துக்குக் கொண்டுவர 1947இல் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் தொடங்கியிருந்தன.

ஏடு ஓர் அரசின் அதிகாரத்தால் நிற்பது. அந்த அதிகாரம் முடியும் இடத்தில் ஏடும் முடிந்துவிடுகிறது. செவிலியர் விமானம் ஏறும்போது கையில் இருப்பது அவருடைய திறமையும், இன்னொரு நாட்டின் ஏட்டில் தன் பெயர் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியும் மட்டுமே. திறமையை நேரே பார்த்துவிடலாம். அதைப் பெரும்பாலான நாடுகள் கடைசியாகத்தான் பார்க்கின்றன. முதலில் பார்ப்பது அத்தாட்சியை.

*

தமிழ்ச் செவிலியருக்கு அத்தாட்சியில் வரும் முதல் தொல்லை தன் பெயரே. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தகப்பனார் முதலெழுத்தோடு 'கே. செல்வி'. பாஸ்போர்ட் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது; முதலெழுத்தை விரித்து அப்பா பெயரை அங்கே போட வேண்டியதாகிறது. கல்யாணமானதும் சிலர் முதலெழுத்தை மாற்றுகிறார்கள், சிலர் மாற்றுவதில்லை. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் எழுத்தர் தட்டச்சு செய்த ஆங்கில எழுத்துக்கூட்டல் தனி ரகம். நமக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. வளைகுடா நாடுகளுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனத்தின் கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். பிறகு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு என்று அலைச்சல். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக ஏற்ற பெண்ணை லண்டனில் 'மிஸ் குமார்' என்று கூப்பிடும்போது முதல் சில நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பது தனிக்கதை.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். எந்தப் பாடத்தில் எத்தனை மணிநேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணிநேரம் நேரடிப் பயிற்சி என்று கல்லூரி தலைப்பிட்ட தாளில் எழுதித் தர வேண்டும். பல நாடுகளில் அதைக் கல்லூரியே நேராக அனுப்பினால்தான் செல்லும். மாணவி கைபட்டால் கறை. கவுன்சிலும் அப்படியே, பதிவில் குறையேதும் இல்லை என்னும் குட் ஸ்டாண்டிங் சான்றை நேராக அனுப்ப வேண்டும். படித்த கல்லூரி பெயர் மாறியிருந்தாலோ மூடப்பட்டிருந்தாலோ, பத்து வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு கிடைக்காவிட்டாலோ, மாதங்கள் ஓடிவிடும். அசல் சான்றிதழ்களை 'பாண்டு' என்ற பெயரில் பீரோவில் பூட்டிவைத்துக்கொள்ளும் தனியார் மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. நாடு மாறுவதற்கு முன்பு அந்தப் பீரோவைத் திறக்க வைப்பதே சிலருக்குப் பெரும்பாடு.

இவ்வளவும் எதற்காக? மோசடிச் சான்றிதழ்கள் உண்மையிலேயே புழங்குகின்றன. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட தொழில். மூல நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்வதில் தவறு காண முடியாது. ஆனால் இந்தச் சல்லடையில் நிற்பது திறமை குறைந்தவர் அல்லர். எழுத்தர் நல்லவராக வாய்க்காதவர்.

*

பிரிட்டனுக்குப் போவோம். நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் வெளிநாட்டில் படித்தவர்களின் எண்ணிக்கை 2024இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் முன்னணியில் இருப்பவர்கள் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் படித்தவர்கள்.

அங்கே செவிலியர் படிப்பு தொடக்கத்திலேயே நான்காகப் பிரிகிறது: பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு. நம் படிப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் தருவது. ஜி.என்.எம். என்பதன் விரிவே 'பொது நர்சிங்கும் மிட்வைஃபரியும்'. இங்கே பதிவானவருக்கு நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டு தகுதியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனையோ சுகப்பிரசவம் பார்த்த கைகள் அவை. ஐரோப்பாவில் மிட்வைஃப் தனித் தொழில், தனிப் படிப்பு, தனிப் பதிவு. ஆகவே நம் செவிலியர் பெரும்பாலும் 'பெரியவர் நர்ஸ்' என்ற ஒற்றைப் பிரிவில் விண்ணப்பிக்கிறார். ஜி.என்.எம்.இல் உள்ள 'எம்' கடல் தாண்டுவதில்லை.

2014 இலையுதிர் காலம் வரை வெளிநாட்டு செவிலியர் பிரிட்டனில் சில மாதம் மேற்பார்வையில் பணிபுரிந்து பழகிப் பதிவு பெறும் முறை இருந்தது. அதற்குப் பதிலாக வந்தது இரண்டு கட்டத் தேர்வு. கணினியில் எழுதும் முதற்கட்டத்தைச் சொந்த நாட்டிலேயே முடித்துவிடலாம்: மருந்துக் கணக்கு 15 கேள்வி, தொழிலறிவு 100 கேள்வி. இரண்டாவது 'ஆஸ்கி' என்று எல்லோரும் சொல்லும் செயல்முறைத் தேர்வு. பிரிட்டனுக்குள் உள்ள ஐந்தே மையங்களில் நடக்கும். பத்து நிலையங்கள். நோயாளியாக நடிப்பவரோ பொம்மையோ இருக்கும்; பரிசோதிக்க, பராமரிப்புத் திட்டம் எழுத, மருந்து கொடுக்க, அடுத்தவரிடம் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். அதற்கு மேல் சில கைத்திறன்கள். இரண்டு நிலையங்களில் வாயே திறக்க வேண்டாம், எழுதிக் காட்டினால் போதும்.

இந்தத் தேர்வைப் பற்றிப் புலம்புகிறவர்களோடு முழுக்க ஒத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, கைப்பட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, அவர் சம்மதத்தையும் பெற வேண்டும். 'எட்டாம் நம்பர் பெட்', 'அந்த ஹெர்னியா கேஸ்' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது புதுப் பாடம். நம் வார்டுகளிலும் அந்தப் பாடம் தேவை. செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதுதான் நம்மவருக்குக் கூடுதல் சுமை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வாய் மூடி நிற்கப் பழக்கப்பட்ட ஒரு தொழில். அங்கே போனதும் வாய்விட்டு நினைக்கச் சொல்கிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் படித்த செவிலியர் இந்தத் தேர்வை எழுதுவதில்லை. பல்கலைக்கழகம் அவருக்குப் பொறுப்பேற்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு மட்டுமே இந்த வாசல். அமெரிக்கா இதில் நேர்மையானது. 'என்கிளெக்ஸ்' என்ற உரிமத் தேர்வு டெக்சாஸில் படித்தவருக்கும் திருநெல்வேலியில் படித்தவருக்கும் ஒன்றேதான். அந்த நேர்மையை அமெரிக்க விசா வரிசை விழுங்கிவிடுகிறது. தேர்வில் தேறிய இந்தியச் செவிலியர் குடியேற்ற விசாவுக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்கிறது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் அண்மைய கட்டணப்படி தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண்டு, கணினித் தேர்வுக்கு 83, ஆஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. கூட்டினால் 1,170 பவுண்டு. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது. ஆங்கிலத் தேர்வு, விசா, டிக்கெட் தனி. அங்குள்ள அரசு மருத்துவமனைகள் இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுண்டு. இந்தப் பக்கம், உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் அமைந்த குழு, மிகச் சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் ₹20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கும் இடங்கள் ஏராளம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தமிழக அரசே எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் ₹7,700 தொகுப்பூதியத்தில் தொடங்கியவர்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள்தாம். ஒரு செவிலியர் ஏன் போகிறார் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆஸ்கி தேறும்வரை அவர் செவிலியர் அல்லர். அதே வார்டில் உதவியாளர் சம்பளத்தில், வேறு நிறச் சீருடையில் நிற்பார். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. வேலையும் விசாவும் ஒரே கயிற்றில் தொங்குவதால் மூன்றாவது வாய்ப்பின் முந்தைய இரவு எப்படி இருக்கும் என்பதை விவரிக்க வேண்டாம்.

*

மொழித் தேர்வின் கதையில் அரசியல் பச்சையாகத் தெரியும். பி.எஸ்சி. நர்சிங் முழுக்க ஆங்கில வழி. பாடநூல், தேர்வு, கேஸ் ஷீட் எல்லாம் ஆங்கிலம். ஆனாலும் பிரிட்டனுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ்.சில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தாக வேண்டியிருந்தது. அதே காலத்தில் ருமேனியாவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருபவருக்கு 2016 தொடக்கம் வரை ஆங்கிலத் தேர்வே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அவர்களைக் காத்தது. மூன்றாண்டுப் படிப்பு, 4,600 மணிநேரம், அதில் பாதியாவது நோயாளியருகே என்ற ஐரோப்பிய அளவுகோலுக்குள் வரும் சான்றிதழ் ஒன்றியத்துக்குள் எல்லை கடக்கத் தனித்தேர்வே தேவையில்லை. இந்தியச் சான்றிதழ் மணிக்கணக்கில் அதற்குச் சமமாக இருந்தாலும் அந்தச் சலுகைக்குள் வராது. அதற்கு வேண்டியது மணிநேரமல்ல, ஒப்பந்தம்.

பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பின் ஐரோப்பியச் செவிலியர் வரத்து வற்றியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2017 இறுதியில் மருத்துவச் சூழலை ஒட்டிய ஓ.ஈ.டி. தேர்வும் ஏற்கப்பட்டது. 2018 டிசம்பரில் எழுத்துப் பிரிவுக்கான ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் 7இலிருந்து 6.5ஆக இறங்கியது. அந்த அரை மதிப்பெண்ணில் எத்தனை வாழ்க்கை சிக்கியிருந்தது என்பது பின்னரே வெளியே தெரிந்தது. இந்தியாவில் பதிவுபெற்ற செவிலியர் பலர் பிரிட்டனின் முதியோர் இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் உதவியாளராகக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவெல்லாம் ஆங்கிலத்தில் பேசிப் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே குடியுரிமை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. கட்டுரை எழுதும் தேர்வில் அரை மதிப்பெண் போதாததால் செவிலியர் ஆக முடியவில்லை. அவர்களுக்காக இந்தியச் செவிலியர்களே இயக்கம் நடத்தி மனு கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து, ஓராண்டாவது அங்கே பணிபுரிந்தவருக்கு ஆங்கிலம் போதுமானது என்று வேலை தருபவர் சான்றளித்தால், ஆங்கில வழியில் படித்தவரும் மதிப்பெண் மயிரிழையில் தவறியவரும் பதிவு பெறலாம் என்று விதி மாறியது. அவர்களுடைய ஆங்கிலம் ஒரே இரவில் திருந்திவிடவில்லை.

எதிர்த்திசையில் பேசும் நிகழ்வும் அதே ஆண்டில் நடந்தது. நைஜீரியாவின் இபதான் நகரத் தேர்வு மையத்தில் கணினித் தேர்வு நம்பமுடியாத வேகத்தில் முடிக்கப்பட்டிருப்பதைப் புள்ளிவிவரம் காட்டிக்கொடுத்தது. அங்கே தேர்வெழுதிப் பதிவேட்டில் ஏறிவிட்ட நூற்றுக்கணக்கானோர் மறுதேர்வுக்கும் விசாரணைக்கும் உள்ளானார்கள். நேர்மையாக எழுதியவரும் சந்தேகக் கூண்டில் நின்றார். சல்லடையே தேவையில்லை என்று வாதிடுபவர் இதைக் கடந்து போக முடியாது.

*

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே மையப் பதிவேடு கிடையாது. பதினாறு மாநிலங்களில் அந்தந்த மாநில அதிகாரியே தகுதியை ஆராய்கிறார். 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த செவிலியர் தொழில் சட்டப்படி ஜெர்மன் பயிற்சி 2,100 மணிநேர வகுப்பும் 2,500 மணிநேர நேரடிப் பணியும் கொண்டது. முன்பு தனித்தனியாக இருந்த முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நர்சிங், பொது நர்சிங் மூன்றையும் அந்தச் சட்டம் ஒன்றாக்கியது. நம் டிரான்ஸ்கிரிப்டை அந்த அட்டவணையின் அருகே வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுவார்கள். நம்மிடம் மகப்பேறுக்கும் சமுதாய நலத்துக்கும் மணிநேரம் வழிகிறது. முதியோர் பராமரிப்புக்கும் வீட்டுக்கே சென்று பார்க்கும் பணிக்கும் போதவில்லை. முடிவு ஒரு கடிதமாக வரும். அதற்கு அவர்கள் வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'பற்றாக்குறை அறிவிக்கை'.

சொல்லைக் கவனியுங்கள். பற்றாக்குறையைப் பட்டியலிடும் அந்தத் தாளில் மிகுதிக்குக் கட்டம் இல்லை. பிரசவம் பார்த்த அனுபவம், டாக்டர் இல்லாத இரவுகளில் எடுத்த முடிவுகள், தடுப்பூசி முகாம்கள் எதுவும் இந்தப் பக்கத்துக் குறையை ஈடுகட்டக் கணக்கில் வராமல் போகலாம். பணி அனுபவத்தைக் கருத வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைக் காட்டும் சான்று எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

பற்றாக்குறையை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, மாதக்கணக்கில் வார்டுகளில் சுற்றிப் பழகும் பயிற்சி. மற்றது, வாய்மொழியாகவும் நோயாளியின் அருகிலும் நடத்தப்படும் அறிவுத் தேர்வு. இரண்டுக்கும் முன்னால் ஜெர்மன் மொழியில் பி-2 நிலை. அது வந்துவிட்டாலும் பவேரியாவின் கிராமத்துப் பாட்டி பேசும் வட்டார மொழி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மதுரையில் தமிழ் படித்தவர் நாகர்கோவில் ஆச்சியின் முன்னால் விழிப்பதைப் போலத்தான்.

இந்த ஒப்பிடும் வேலையில் அதிகாரிகளே மூழ்கிப்போனார்கள். 2023இல் ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுத் தொழில்தகுதிகளில் ஏறத்தாழப் பாதி செவிலியருடையவை. 2024 முதல் ஒரு மாற்றம்: விண்ணப்பதாரர் விரும்பினால் விரிவான ஒப்பீடே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு நேராகத் தேர்வுக்கோ பழகும் பயிற்சிக்கோ போகலாம். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் டிரான்ஸ்கிரிப்டின் மணிக்கணக்கைப் பார்க்காமலே ஒருவர் நல்ல செவிலியரா என்று கண்டுபிடித்துவிட முடியும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் இத்தனை ஆண்டு கோடு கோடாகப் பார்த்தது எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியா இன்னொரு வேடிக்கை. 2025 ஏப்ரல் முதல் பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில இடங்களின் செவிலியருக்கு அங்கே குறுக்குவழி திறந்திருக்கிறது. பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் இந்தியாவில் படித்து, பிரிட்டனில் தேர்வெழுதிப் பதிவுபெற்று, அங்கே 1,800 மணிநேரம் பணியாற்றியவர் அந்த வழியில் நுழையலாம். அதே படிப்பு, அதே கை. சென்னையிலிருந்து சிட்னிக்கு நேராகப் போவதைவிட லண்டன் வழியாகச் சுற்றிப் போனால் சான்றிதழ் வெளுத்துவிடுகிறது.

*

இந்த நீண்ட பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஏஜென்ட். விதிகள் புரியாதவையாக இருக்கும்வரை அவர் தொழில் நடக்கும். இந்தியக் குடிபெயர்வு விதிகள் சேவைக் கட்டணத்துக்கு ₹30,000 உச்சவரம்பு வைத்திருக்கின்றன. குவைத் வேலைக்குச் செவிலியரிடம் இருபது லட்சம் வரை கறந்த கதை 2015இல் கேரளத்தில் வெடித்தது. அந்த ஆண்டிலேயே, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு அமைப்புகள் வழியாக அனுப்பும் ஏற்பாட்டை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு. பிரிட்டனும் ஜெர்மனியும் அந்தப் பட்டியலில் இல்லாததால் அங்கே தனியார் கடைகள் தொடர்கின்றன.

வாங்கும் நாடுகளுக்கும் ஓர் அறநெறி வகுக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2010இல் ஏற்ற நெறிமுறை, ஊழியர் பற்றாக்குறையில் தவிக்கும் நாடுகளிலிருந்து முனைந்து ஆள் எடுக்காதீர்கள் என்கிறது. 2023இல் வெளிவந்த பட்டியலில் 55 நாடுகள். இந்தியா அதில் இல்லை. பிரிட்டன் தன் பழைய நெறிமுறையில், தான் உதவி நிதி தந்துவந்த ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து மட்டும் ஆள் எடுக்க மாட்டேன் என்று எழுதிவைத்திருந்தது. விஜயவாடா செவிலியருக்குப் பொருந்திய அறம் வேலூர் செவிலியருக்குப் பொருந்தவில்லை. தடுக்கப்பட்டவருக்கு அந்த அறத்தால் சம்பளம் உயர்ந்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த நாடு நம் சான்றிதழை நம்பவில்லை என்று கோபப்படும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் பதிவான செவிலியர் கணவரின் வேலைக்காக ஓசூரைத் தாண்டிப் பெங்களூருவுக்குக் குடிபோனால் அவருடைய பதிவு அங்கேயும் செல்லாது. இங்குள்ள கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, அவர்கள் சரிபார்த்து அனுப்பி, கர்நாடகக் கவுன்சிலில் கட்டணம் கட்டிப் புதுப் பதிவெண் பெற வேண்டும். ஒரே பாடத்திட்டம், ஒரே மத்தியக் குழுமம், ஓசூரிலிருந்து ஒரு மணிநேரப் பேருந்துப் பயணம். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று 2023இல் இயற்றப்பட்ட தேசிய செவிலியர், மகப்பேறுப் பணி ஆணையச் சட்டம் சொல்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் 'ஒரே சீரான தரம்' என்றுதான் முகப்பில் எழுதிக்கொண்டு பிறந்தது.

வெளிநாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டு முதியோர் வார்டில் பணிபுரிந்துவிட்டுச் சிலர் ஊர் திரும்புகிறார்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் கவுன்சிலில் புதுப்பித்துக்கொள்கிறார்கள். அங்கே அவர்களுடைய பழைய எண்கள் அப்படியே இருக்கின்றன, நர்ஸுக்கு ஒன்று, மிட்வைஃபுக்கு ஒன்று. கடல் தாண்டாமல் இங்கேயே தங்கிவிட்ட அந்த 'எம்', இத்தனை காலம் ஒரு பிரசவமும் பார்த்திராத கைகளுக்கு மறுபடியும் வந்து சேர்ந்துகொள்கிறது.